சின்னிக்காக ஒரு வாத்துக்கூண்டு

பக்கத்து வீட்டு அழகர் ராஜாவின் நாய் தங்கபாயின் வாத்துகளில் இரண்டைக் கொன்றது வியாழக்கிழமை காலையில். திங்கட்கிழமை அந்த நாய்க்கு ஊசி போட்டு முடித்துவிடப் போவதாக ராஜா சொன்னது அன்று மத்தியானமே.

இரண்டும் நடந்தபோது தங்கபாய் சத்திரப்பட்டியில் தறிக்கொட்டகையில் இருந்தாள். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள் நாற்பது ஒரே கூரைக்குள் ஓடுகிற இடம். அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. எதிரே வந்து நின்று உதட்டை அசைத்தால் போதும், விஷயம் புரிந்துவிடும். பதினேழு வருஷ வேலையில் அவளுக்கு அதுவும் ஒரு பாஷையாகப் பழகியிருந்தது.

சாயங்காலம் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவளை எதிர்வீட்டுச் செல்லத்தாய் தெருமுனையிலேயே மறித்தாள்.

"ஏட்டி தங்கபாயி, நின்னு கேட்டுட்டுப் போ. ரெண்டு போச்சு. ஒண்ணுக்குச் செறகு தொங்குது. மூணு நல்லாருக்கு. நீ பதறாத."

"எது போச்சு?"

"உன் வாத்துட்டி. ராஜா வீட்டு வெள்ளை நாயி வேலியில பூந்து வந்துட்டு. அவரு அங்கன நின்னு கத்துதாரு, கத்துதாரு, தெருவே கூடிட்டு. அது ஒரு பார்வை திரும்பிப் பாக்கணுமே. கழுத்தப் புடிச்சு இழுத்த பொறவுதான் விட்டுச்சு. அம்புட்டுப் பேரு முன்னால மனுசனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. மத்தியானமே மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பிட்டாரு. திங்கக்கிழம ஊசியாம்."

"வாத்துக்கா?"

"நாய்க்கு."

தங்கபாய் வீட்டுக்குப் பின்னால் போனாள். முருங்கை மரத்தடியில் ஈரமாகச் சிறகுகள் ஒட்டிக் கிடந்தன. செத்தவை இரண்டையும் ராஜாவே குழி வெட்டிப் புதைத்து மேலே கல்லும் வைத்திருந்தார். ("கொழம்பாவது வச்சிருக்கலாம், அதுக்குள்ள பொதைச்சிட்டாரு" என்றாள் பின்னாலேயே வந்த செல்லத்தாய்.) மிச்ச நாலும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கி நின்றன. "வாங்கடா" என்றாள். எப்போதும் கூப்பிட்டவுடன் பதில் சொல்கிற ஜீவன்கள். அன்றைக்குப் பதிலில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அறுப்பு முடிந்த சமயம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய கண்மாயை ஒட்டி வாத்து மேய்க்கிறவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். கூட்டத்தோடு நடக்க முடியாமல் நொண்டிய ஆறு வாத்தை அவர்கள் கழித்து வைத்திருந்தார்கள். கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். நொண்டிக்கு மஞ்சளும் எண்ணெயும் போட்டு நடக்க வைத்தாள். முட்டைக்காகத்தான் வளர்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொல்லைக்கதவைத் திறந்தால் ஆறு தொண்டைகள் ஒரே நேரத்தில் அவளோடு பேசும், அதற்காகத்தான் என்று யாரிடம் சொல்வது.

வேலிக்கு அந்தப் பக்கம், ராஜா வீட்டுப் புங்க மரத்தில் சின்னியைக் கட்டிப் போட்டிருந்தது. பால்வெள்ளை உடம்பு. மூக்கும் கண்ணோரமும் ரோஜா நிறம். அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. ஒன்றும் நடவாதது போல எழுந்து நின்று ஆட்டியது.

அந்த வேலி ஓட்டையை அகலப்படுத்தியதே தங்கபாய்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கொல்லையில் கட்டிலோடு கிடந்தபோது, தினமும் சின்னி வேலியைப் பிராண்டிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். முள் குத்துகிறதே என்று அவள்தான் நாலு கம்பைப் பிடுங்கிவிட்டாள். பொறவு வாத்து வாங்கினாள். ஓட்டையை அடைக்கத் தோன்றவில்லை.

ராஜாவின் மனைவி இறந்த நாற்பதாம் நாள் வந்த குட்டி அது. பையன்கள் இருவரும் மெட்ராஸில். அந்த வீட்டில் இப்போது அவர் தன் வீட்டுப் பாஷையான தெலுங்கைப் பேசுவது சின்னியிடம் மட்டும்தான். காலையில் அடுப்பு மூட்டுகிறபோது தங்கபாய்க்குக் கேட்கும். "தின்னாவா சின்னி?" சாப்பிட்டியா என்று. பொறவு வெகுநேரம் ஏதேதோ. பையன் கடுதாசி போடாதது, மூட்டுவலி, செத்துப்போனவள் வைக்கிற புளிக்குழம்பு. தெலுங்கு தெரியாவிட்டாலும் சில சொற்கள் தெரியும். நாய் போய்விட்டால் அந்த வீட்டில் பேச்சே இருக்காது.

வீட்டுக்குள் அவள் கணவன் ராஜரத்தினம் சுவரைப் பார்க்க உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அதே கொட்டகையில் தறி மேஸ்திரி. தறி நின்றால் ஓட வைக்கிறவன்.

"வாத்து ரெண்டு போச்சு" என்றாள் வாசலில் நின்றபடி. "சின்னியக் கொல்லப் போறாராம். நம்மளாலதான்."

அவன் செயினைச் சுற்றினான். ஒரு சொட்டு விட்டான். இன்னும் சுற்றினான்.

அவள் செத்த நேரம் நின்றாள். பொறவு அடுப்படிக்குப் போனாள். இது புதிதில்லை. எத்தனை வருஷம் என்று கணக்கில்லை, அந்த முதுகிடம் பேசுவதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். சண்டை இல்லை, அடி இல்லை, குடி இல்லை. எதிரே போய் நின்று கேட்டால் பதில் சொல்வான். மற்றபடி அவன் முதுகு ஒரு சாத்தின கதவு. அவனுக்குத் தன்மேல் மனசு விட்டுப்போய்விட்டது என்று அவள் தனக்குத் தானே முடிவு கட்டி, அந்த முடிவோடு சமாதானமாகியும் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் ராஜா வீட்டுக்குள் நுழைந்தாள். அவர் நாற்காலியில் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். காபி தம்ளர் தொடாமல் ஆடை கட்டிக் கிடந்தது.

"வா, தங்கபாயி. உன் வாத்துக்கு உண்டானதை நான்..."

"அதுக்கு வரல, அண்ணாச்சி. நாய விட்டுருங்க."

"அந்தப் பேச்சு வேண்டாம்."

"வேலிய நான்தான் பிரிச்சு விட்டேன். வாத்து குறுக்க மறுக்க ஓடுச்சுன்னா எந்த நாயிதான் சும்மா இருக்கும். எந்தப் பூனையுந்தான். நான் நல்ல கூண்டா கட்டிருதேன். கம்பிவலை போட்டு. பொறவு அதுக்கு என்ன வேலை அங்க?"

ராஜா தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு மாட்டுவண்டி முழுசாகக் கடந்து போனது.

"வாத்தக் கடிச்சதுக்கு இல்லம்மா" என்றார். "நாயின்னா கடிக்கும். நான் இங்கேருந்து கூப்பிடுதேன். வத்து, வத்து சின்னி, வேண்டாம்னு தொண்டை கிழிய. பத்தடி தூரம். ஒரு காது கூட ஆடல. எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுல நாய் உண்டு. சொல்லுக்கு அடங்காத நாய ஒரு நாள் வச்சது கிடையாது. இன்னைக்கு வாத்து. நாளைக்குத் தெருவுல ஒரு புள்ளயப் புடிச்சா, நான் கத்துவேன், அது நிக்காது. அப்ப யாரு பதில் சொல்றது?"

"அது புள்ளயக் கடிக்காது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. தோணுறத வச்சு என்ன செய்ய?" தம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "கூண்டு கட்டு. உனக்கு நல்லது. கீரியும் இருக்கு, பருந்தும் இருக்கு. நாய்க்கு அதனால ஒண்ணுமில்ல."

அன்றைக்குக் கொட்டகையில் அவள் கை தறியில் இருந்தது. மனசு இல்லை. மத்தியானம் ராஜரத்தினம் ஸ்பானரோடு அவள் தறிக்கு வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். என்ன என்று புருவத்தால் கேட்டான். அந்த இரைச்சலுக்குள் அவள் உதட்டை மட்டும் அசைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வாத்து, வேலி, ராஜா, திங்கட்கிழமை. நேற்று வீட்டில் சொன்னதற்குத் திரும்பாதவன் இப்போது ஒரு எழுத்து விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனும் உதட்டை அசைத்தான்: நாளைக்கு மின்வெட்டு. தறி ஓடாது. கட்டிருவோம்.

இரும்பு அவன் கொண்டுவந்தான். உடைத்துப் போட்ட பழைய தறிகளின் ஆங்கிள்கள், மூலையில் துருப்பிடித்துக் கிடந்தவை. முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கொட்டகை ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய கனத்த கம்பிவலையும் ஒரு சுருள். சனிக்கிழமை விடிந்ததும் கடப்பாரையை எடுத்துவிட்டான்.

"எதுக்கு இம்புட்டு ஆழம்?" என்றாள் எதிரே வந்து நின்று.

"கீரி தோண்டி வரும். வலைய ஒரு முழம் மண்ணுக்குள்ள எறக்கி, வெளிப்பக்கமா மடக்கி விடணும். தோண்டுனா பல்லு வலையில முட்டும்."

"மேல?"

"மேலயும் வலை. பருந்துக்கு. பாதிக்கு ஓலை, வெயிலுக்கு."

"தரைக்குச் சிமெண்டு பூசிட்டா கழுவ லேசு."

"வாத்துக்கு உள்ளங்கால் மெத்துனு இருக்கும். சிமெண்டுல நின்னா புண்ணு வைக்கும். ஓடைமணல் போடுவோம். வாழைப் பக்கமா சரிச்சு விட்டா தண்ணி தங்காது. ஐப்பசி மழை வந்தா இந்தக் கொல்லை குளமாயிரும்லா."

இவ்வளவும் அவன் எங்கே யோசித்து வைத்திருந்தான் என்று அவளுக்கு ஆச்சரியம். வாத்துகளின் தண்ணீருக்காக, பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுகிற டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி விளிம்பை மழுக்கிக்கொண்டு வந்தான். தலை முழுசாக முங்குகிற ஆழம் வேண்டுமாம். இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் அடைத்துக்கொள்ளுமாம்.

செல்லத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஏட்டி, நாலு வாத்துக்கு இந்த பங்களாவா? எனக்கு ஒரு ரூம்பு கொடு, நானும் முட்டை போடுதேன்."

"உனக்கு டிரம்மு பத்தாதே" என்றாள் தங்கபாய்.

"உன் மேஸ்திரி வெட்டித் தருவாரு. கேளேன்." அவன் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "என்ன அண்ணே, வெட்டித் தருவியளா?"

அவன் குனிந்து வலையை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"வாய் முத்து உதிர்ந்துருமாக்கும்" என்று செல்லத்தாய் முணுமுணுத்தாள்.

பொறவு அவன் கோணிக் கிடந்த ஆங்கிளைத் துவைக்கிற கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடிக்க ஆரம்பித்தான். கல்லில் இரும்பு வைத்து இரும்பால் அடிக்கிற சத்தம். முருங்கையிலிருந்து காக்கைகள் எழும்பின. வாத்துகள் நாலும் சிதறி ஓடின. செல்லத்தாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நாசமாப் போச்சு" என்றபடி வெளியே போனாள்.

சம்மட்டியை ஓங்கினவன் அப்படியே நிறுத்தினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னி அவர்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. இன்னொரு அடி அடித்தான், நாயையே பார்த்தபடி. இன்னும் ஒன்று. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வேலி ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போனான். நாய்க்குப் பின்னால் நின்று கையைத் தட்டினான். அங்கே கிடந்த தகரத்தை எடுத்துக் கல்லில் எறிந்தான். பொறவு வலது காலைத் தூக்கி மண்ணில் ஓங்கி ஒரு மிதி. சின்னி சடாரென்று எழுந்து திரும்பி, அவனைக் கண்டு, உடம்பையெல்லாம் குழைத்தது.

அவன் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பாதி வேலையில் இது என்ன என்று தங்கபாய்க்குக் கோபமாக வந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது.

திரும்பி வந்தவன் முகத்தில் என்னவோ இருந்தது. மறுபடி சம்மட்டியை எடுத்தான்.

சாயங்காலத்துக்குள் பாதிக்கூண்டு எழும்பிவிட்டது. வாத்துகளை உள்ளே விடுமுன் அவள் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் நூல் மூட்டையைப் பிரித்து ஒரு மூலையில் மெத்தை போலப் பரப்பினாள். அந்தத் தெருவில் தலையணையும் தொட்டிலும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் சிறகொடிந்த வாத்து அசையாமல் நிற்கிறது. நூல் இரண்டு காலையும் சுற்றி இறுக்கித் தோல் நீலமாகியிருந்தது. இன்னொன்றின் அலகில் நூல் தொங்கியது.

ராஜரத்தினம் வாத்தைத் தொடையிடுக்கில் வைத்து, நூல் வெட்டுகிற குட்டிக் கத்திரியால் ஒவ்வோர் இழையாக அறுத்தான். பாவில் அறுந்த இழை தேடுகிற அதே விரல்கள்.

"மெத்துனு இருக்கட்டும்னு போட்டேன்" என்றாள் அவள்.

"இருக்கட்டும். கடலைத்தொலி போடுவோம். ஈரமானா அள்ளி வாழைக்குப் போட்டுரலாம்." நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நீ ஒண்ணும் தப்பாச் செய்யல."

அவள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனைக்கு வேதக்கோவிலுக்குப் போனார்கள். எப்போதும் போல அவன் முன்வரிசையில், சபை ஐயர் பிரசங்கம் செய்கிற இடத்துக்கு நேர் எதிரே. மேஸ்திரிக்குப் பெருமை என்று சிலர் சொல்வதுண்டு. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பாட்டுக்கு மட்டும் அவன் வாயைத் திறப்பதில்லை. ஒரு காலத்தில் நன்றாகப் பாடுவான்.

நாலு மணிக்குக் கூண்டு முடிந்தது. கதவுக்கு இரண்டு கொக்கி. உள்ளே ஏறுவதற்குப் படி இல்லாமல் சரிவாக ஒரு பலகை. டிரம்மில் தண்ணீர் விட்டதும் வாத்துகள் தலையை முக்கி முக்கி எடுத்து, மூன்று நாள் கழித்து முதல் தடவையாகச் சத்தம் போட்டன. மேற்கே மலைக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது.

அழகர் ராஜா சின்னியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசியாக ஒரு நடை கூட்டிப்போய்விட்டு வருகிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நாயின் கழுத்தில் புதுத் துண்டு. கூண்டைச் சுற்றி வந்தார். வலையை இழுத்துப் பார்த்தார். மண்ணை மிதித்துப் பார்த்தார்.

"நல்லாக் கட்டிருக்க, ரத்தினம்" என்றார். "இனி ஒரு குறையும் வராது." சங்கிலியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "நாளைக்கு ஏழு மணிக்கு வருதாரு டாக்டரு."

தங்கபாய் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜரத்தினம் கையில் இருந்த குறடைத் துணியில் துடைத்தான். இரண்டு தடவை துடைத்தான்.

"அண்ணாச்சி, சங்கிலிய என்கிட்ட கொடுங்க. நீங்க அந்த முருங்கைக்கிட்ட போயி நின்னு கூப்பிடுங்க."

"எதுக்குலே?"

"கூப்பிடுங்க."

அவன் நாயைக் கூண்டுப் பக்கம் முகம் பார்க்க உட்கார வைத்தான். ராஜா பத்தடி தள்ளி நின்று, "சின்னி" என்றார். நாய் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சின்னி, ரா." வா என்று. பொறவு உரக்க. பொறவு வியாழக்கிழமை கூப்பிட்ட அதே குரலில். வாத்துகள் பயந்து மூலைக்கு ஓடின. நாயின் காது அசையவில்லை.

"பாத்தியா" என்றார் ராஜா. குரல் உடைந்திருந்தது. "இதத்தான் சொல்லுதேன்."

"இப்ப மண்ணுல ஓங்கி ஒரு மிதி மிதிங்க."

ராஜா அவனை ஒரு மாதிரி பார்த்தார். மிதித்தார். சின்னி துள்ளித் திரும்பியது. அவரைக் கண்டதும் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிற வேகத்தில் இழுத்தது. ராஜரத்தினம் விட்டுவிட்டான். அது ஓடி அவர் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது.

"செவிடு, அண்ணாச்சி" என்றான். "பொறவியிலேயே இருக்கும். உங்களுக்கு அடங்காம இல்ல. நீங்க கூப்பிட்டது அதுக்கு எட்டல. முகத்தப் பாத்துத்தான் எல்லாம் புரிஞ்சுக்கிடும். முதுகுப் பக்கம் அதுக்கு உலகமே கெடையாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ராஜரத்தினம் நாயைப் பார்த்தான். தங்கபாயைப் பார்க்கவில்லை.

"எனக்கும் அப்படித்தான். பன்னெண்டு வருசமாச்சு. தறிச்சத்தத்துல போனது. தறிய நான் கையி வச்சுத்தான் பாக்குறேன், இரும்பு நடுங்குறது மாறும். முதலாளிக்குத் தெரிஞ்சா மேஸ்திரி வேலை போயிரும்னு வெளிய சொல்லல." குறடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெளியன்னா, யார்கிட்டயும்."

வாத்து ஒன்று தண்ணீரை உதறியது. தங்கபாய்க்கு வியாழக்கிழமை சைக்கிள் செயின் சுற்றிக்கொண்டிருந்த முதுகு தெரிந்தது. பொறவு கோவிலின் முன்வரிசை. பொறவு பன்னிரண்டு வருஷத்து முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக. அவளும் பேசுவதை நிறுத்தினாள், அவனும் திரும்பாமல் இருந்தான். கொட்டகையில் எல்லோருமே உதட்டைப் பார்த்துப் பேசுகிறவர்கள். அதில் ஒருவனுக்கு அது மட்டும்தான் மிச்சம் என்பதை யார் கண்டுபிடிப்பது.

ராஜா கல்லில் உட்கார்ந்துவிட்டார். நாயின் தலை அவர் மடியில்.

"மூணு வருசமா ராத்திரி பகலா இதுகிட்ட பேசிருக்கேனே" என்றார். "அப்ப நான் யார்கிட்ட பேசினேன்?"

அவர் குனிந்துகொண்டு பேசியதால் ராஜரத்தினத்துக்கு எட்டவில்லை. அவன் தங்கபாயைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் எதிரே வந்து நின்று ராஜா கேட்டதை உதட்டை அசைத்துச் சொன்னாள். சத்தம் வரவில்லை.

அவன் ராஜாவின் அருகே குத்துக்காலிட்டான். "உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு, அண்ணாச்சி. அம்புட்டும் அதுக்குப் போய்ச் சேர்ந்துருக்கும்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு டாக்டர் வந்தார். ராஜா அவரை வேலி ஓட்டை வழியாகக் கூட்டிவந்து, வாத்தின் ஒடிந்த சிறகைப் பார்க்கச் சொன்னார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டுப் போட பேண்டேஜ் இருக்கிறதா என்று கேட்டார். தங்கபாய் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

அவர் போன பொறவு மழை பிடித்தது. ராஜரத்தினம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் வாழைப் பக்கம் சரியாக ஓடுகிறதா என்று கூண்டின் தூணைப் பிடித்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆறே முக்கால் பஸ் போயிருந்தது. அடுத்ததும் போகப்போகிறது. தங்கபாய் தம்ளரோடு பின்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

இரும்புத் தூணில் விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள். மெதுவாகத்தான்.

அவன் திரும்பினான்.

அந்த முகத்தைப் பார்த்து அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்: டீ ஆறுது.

"செத்த நேரம் நில்லுட்டி" என்றான் அவன், சாக்கின் ஒரு பாதியை அவள் தலைக்கு மேல் இழுத்துவிட்டு. "தண்ணி எப்படிப் போகுதுன்னு பாப்போம்."